தொங்கிய மணிக்கட்டும் தளர்ந்த பிடியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நாற்பதை நெருங்கும் வயதுள்ள ஆண். வலக்கைப் பழக்கம். வாகன பேட்டரிகளைப் பழுது பார்ப்பது தொழில். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் இரண்டும் இல்லை. மதுப் பழக்கமும் இல்லை. அடையாளம் காட்டக்கூடிய மற்ற விவரங்களை இங்கே விட்டிருக்கிறேன்.

உடல்நலம் சரியில்லாத தாயாருக்குத் துணையாக மருத்துவமனையில் தொடர்ந்து சில இரவுகள் கண்விழித்திருந்தார். அப்படியொரு இரவில் சளிக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார். தூக்கம் வரவழைக்கும் வகை. கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த மர நாற்காலியில் சாய்ந்து, வலக்கையைச் சாய்மானத்தின் மேல் விளிம்பில் போட்டபடியே தூங்கிவிட்டார். விடிகாலையில் எழுந்தபோது வலது மணிக்கட்டு தொங்கியது. மரத்துப்போன கை கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று உதறிப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போனால் விரல்கள் அதைச் சுற்றி விரியவே இல்லை.

அதே மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பக்கவாதமாக இருக்கலாம் என்று தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அங்கே எழுதிய குறிப்பு இதுதான்: வலக்கை பலவீனம், பிடி மிகக் குறைவு, விரல்களை அகட்ட முடியவில்லை. கையில் ஒரு மென்பந்தைக் கொடுத்து அழுத்திப் பழகச் சொல்லி, நரம்பியல் பிரிவுக்கும் எங்கள் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கும் அனுப்பினார்கள். எங்களிடம் அவர் வந்தது ஐந்தாம் நாள்.

திடீரென்று ஒரு கை தளர்ந்து ஒருவர் வந்தால் முதலில் மூளையைச் சந்தேகிப்பதுதான் முறை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சிறிய மூளை அடைப்பு ஒன்று ஆரம்ப மணிநேரங்களில் சி.டி.யில் தெரியாமல் போகலாம். அதனால் ஸ்கேன் சுத்தமாக இருந்ததால் மட்டும் கேள்வி முடிந்துவிடவில்லை. மேலே சொன்ன குறிப்பைப் படித்தால் கையின் முன்பக்கத் தசைகள், பின்பக்கத் தசைகள், உள்ளங்கைச் சிறு தசைகள் எல்லாமே போய்விட்டதாகத் தோன்றும். அப்படியானால் ஒரே நரம்பின் மேல் பழி போட முடியாது. மூளையையோ, கழுத்தையோ, தோளுக்குக் கீழுள்ள நரம்புப் பின்னலையோதான் தேட வேண்டும். கை அப்படித்தான் இருக்கிறதா என்று பார்ப்பதே எங்கள் முதல் வேலையாக இருந்தது.

ஐந்தாம் நாள் பார்த்தது

முன்கையை மேசை விளிம்புக்கு வெளியே நீட்டச் சொன்னோம். உள்ளங்கை தரையைப் பார்த்தபடி மணிக்கட்டு அப்படியே கீழே விழுந்தது. விரல்களின் அடிமூட்டுகளும் தொங்கின, கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் ஒட்டிக் கிடந்தது. தூக்கச் சொன்னால் தோளைத் தூக்கினார், முழங்கையை மடக்கினார்; மணிக்கட்டு மட்டும் அசையவில்லை.

பிடி அளவியைக் கொடுத்தோம். இடக்கை 36 கிலோ, வலக்கை 9 கிலோ. வலக்கையில் அழுத்தும்போது மணிக்கட்டு இன்னும் உள்ளே மடங்கிக்கொண்டே போனது. முகத்தில் வியர்வை வரும் அளவுக்கு முயற்சி செய்தார்.

அடுத்து நான் அவருடைய மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்து, ஏறத்தாழ 30 பாகை பின்னோக்கி நிமிர்த்தி வைத்துக்கொண்டு, மறுபடி அழுத்தச் சொன்னேன். 27 கிலோ.

"அப்போ கை நல்லாத்தான் இருக்கா சார்?" என்றார்.

அந்தக் கேள்விக்கான பதில் பாதி ஆமாம்.

பிடி ஏன் விழுந்தது

விரல்களை மடக்கும் வலுவான தசைகள் விரல்களில் இல்லை. முன்கையின் உள்பக்கத்தில் இருக்கின்றன: மேலடுக்கில் ஒன்று, ஆழத்தில் ஒன்று. அவற்றின் தசைநாண்கள் மட்டும் மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கை வழியாக விரல்களுக்குள் போகின்றன. மேலடுக்குத் தசையின் நாண் விரலின் நடு எலும்பில் ஒட்டுகிறது. ஆழ்தசையின் நாண் நுனி எலும்பு வரை போகிறது. ஆக, விரலை மடக்கவென்றே இருக்கும் தசை, போகிற வழியில் மணிக்கட்டையும் மடக்கியே தீரும். அதைத் தடுக்க எதிர்ப்பக்கத்தில் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டின் பின்பக்க நீட்டு தசைகள் அந்த வேலையைத்தான் செய்கின்றன.

இதைப் படிப்பவர் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கையின் முன்கைப் பின்பக்கத்தில், முழங்கைக்குச் சற்றுக் கீழே மறுகை விரல்களை வைத்துக்கொண்டு முஷ்டியை இறுக்குங்கள். மடக்கும் வேலை முன்பக்கத்தில் நடக்கிறது, ஆனால் பின்பக்கத் தசைகள் விரலுக்கு அடியில் கெட்டியாகும். அவை எதையும் நீட்டவில்லை, மணிக்கட்டை மடங்கவிடாமல் நிறுத்தி வைக்கின்றன. இப்போது மணிக்கட்டை முழுக்க உள்ளே மடக்கிவிட்டு முஷ்டி பிடியுங்கள். பலசாலிக்கும் பிடி தளர்ந்துவிடும். இரண்டாவது சோதனைதான் இவருக்கு நாள் முழுக்க நடந்துகொண்டிருந்தது.

காரணம் தசையின் நீளத்தில் இருக்கிறது. தசை நாருக்குள் ஆக்டின், மயோசின் என்ற மெல்லிய இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சறுக்கித்தான் இழுவிசை உண்டாகிறது. இவை போதிய அளவு மேற்பொருந்தும் நீளம் ஒன்று உண்டு. மனிதத் தசையில் சார்கோமியர் எனப்படும் ஓர் அலகு ஏறத்தாழ 2.6 முதல் 2.8 மைக்ரோமீட்டர் இருக்கும்போது விசை உச்சத்தில் இருக்கும். அதைவிடச் சுருங்கிய நிலையில் இழைகள் ஒன்றையொன்று முட்டி இடமில்லாமல் போகிறது. மணிக்கட்டு தொங்கினால் விரல் மடக்கு தசைகள் வேலையைத் தொடங்கும் முன்பே சுருங்கிய நீளத்துக்கு வந்துவிடுகின்றன. மீதி இருக்கும் சுருக்கத்தில் பொருளை இறுக்கிப் பிடிக்கப் போதிய விசை வராது. மணிக்கட்டு 20 முதல் 35 பாகை வரை பின்னோக்கி நிமிர்ந்திருக்கும்போது பிடி நன்றாக இருப்பதும் இதனால்தான்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தடை உண்டு. விரல் நீட்டு தசைகளின் நாண்கள் மணிக்கட்டின் பின்பக்கமாக விரலுக்குப் போகின்றன. மணிக்கட்டு முன்னே தொங்கும்போது அந்த நாண்கள் விறைத்து, விரல்களை லேசாகத் திறந்துவிடப் பார்க்கின்றன. தசை செயலிழந்திருந்தாலும் நாண் நாண்தான். நீளம் போதாவிட்டால் இழுக்கும். எனவே மடக்கு தசைக்கு வலுவும் குறைகிறது, எதிரில் இழுப்பும் கூடுகிறது.

பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 19ஆம் நூற்றாண்டில் தோலின் மேல் மின்சாரம் செலுத்தித் தசைகளைத் தனித்தனியாகச் சுருங்க வைத்து, எது என்ன அசைவைத் தருகிறது என்று பதிவு செய்தவர். தசைகளை அத்தனை துல்லியமாகப் பிரித்துப் பார்த்தவரே, இயல்பான அசைவில் எந்தத் தசையும் தனியாக இயங்குவதில்லை என்ற கருத்தை வலியுறுத்தினார். பாடப்புத்தக அட்டவணையில் ஒரு தசைக்கு எதிரே ஒரே ஒரு வேலை எழுதியிருப்பதைப் படித்து வளர்ந்த நமக்கு இது மறந்துபோகிறது. "பிடி குறைவு" என்று எழுதினால் "மடக்கு தசை பலவீனம்" என்று மனம் தானாக மொழிபெயர்த்துக்கொள்கிறது. இங்கே மடக்கு தசைகள் முழு வலுவோடு இருந்தன.

27 கிலோ ஏன் 36 ஆகவில்லை என்று கேட்கலாம். என் கைகள் கொடுக்கும் தாங்கல் அவருடைய சொந்தத் தசைகள் கொடுக்கும் தாங்கலுக்கு ஈடாகாது. தவிர, கட்டைவிரலை விரித்து நிலைநிறுத்தும் தசைகளும் போயிருந்ததால் பிடி அளவியின் கைப்பிடியை அவர் சரியாகச் சுற்றிப் பிடிக்கவே இல்லை.

விரல் அகட்டல்

குறிப்பில் இருந்த இன்னொரு வரி, விரல்களை அகட்ட முடியவில்லை என்பது. விரல்களைப் பக்கவாட்டில் விரிப்பவை உள்ளங்கை எலும்புகளுக்கு இடையில் இருக்கும் எலும்பிடைத் தசைகள். அவற்றை இயக்குவது முன்கையில் சுண்டுவிரல் பக்கமாக இறங்கும் அல்னர் நரம்பு. மணிக்கட்டைத் தூக்குபவற்றை இயக்குவது மேற்கையின் பின்பக்கமாகச் சுற்றி வரும் ரேடியல் நரம்பு. இரண்டும் ஒருசேரப் போனால் பிரச்சினை மேலே எங்கோ இருக்க வேண்டும். சந்தேகத்தைப் பெரிதாக்கிய வரி இதுதான்.

அவருடைய உள்ளங்கையை மேசைமேல் தட்டையாக வைத்தோம். விரல்களை அகட்டினார். எதிர்த்து அழுத்தியும் பார்த்தோம். இரண்டு கைக்கும் வித்தியாசம் இல்லை.

விரல் அடிமூட்டின் இருபுறமும் உள்ள பக்கத் தசைநார்கள் மூட்டு மடங்கும்போது இறுகும், நேராகும்போது தளரும். அடிமூட்டை 90 பாகை மடக்கிவைத்துக்கொண்டு விரல்களைப் பக்கவாட்டில் அகட்டப் பாருங்கள், யாராலும் பெரிதாக முடியாது. இவருடைய அடிமூட்டுகள் தொங்கிய நிலையில் சோதித்ததால் எலும்பிடைத் தசைகள் இழுத்தும் மூட்டு வழிவிடவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அதேபோல் விரல்களை நீட்டச் சொன்னபோது அடிமூட்டு நீளவில்லை. ஆனால் நான் அடிமூட்டுகளைத் தாங்கிப் பிடித்ததும் நடு மூட்டும் நுனி மூட்டும் நேராயின. அவற்றை நீட்டுவதில் எலும்பிடைத் தசைகளுக்கும், உள்ளங்கையில் இருக்கும் லம்பிரிக்கல் என்ற சிறு தசைகளுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. இந்தத் தசைகளுக்கும் ரேடியல் நரம்புக்கும் தொடர்பில்லை.

தசை தசையாக மேலே ஏறிப் போனது

இதற்குப் பிறகு படம் தெளிவாகத் தொடங்கியது. தசை வலுவை அளக்கும் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் அளவுகோலில் 0 என்றால் சுருக்கமே இல்லை, 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்து அசைக்க முடியும், 5 என்றால் முழு வலு. மணிக்கட்டு நீட்டு தசைகள் 0. விரல் நீட்டு தசை 0. கட்டைவிரலை நீட்டுபவையும் விலக்குபவையும் 0. மணிக்கட்டை மடக்குபவை, முன்கையைக் கவிழ்ப்பவை, விரல் மடக்குபவை எல்லாம் 5.

முழங்கை மடக்குவது 5 என்றுதான் முதலில் தோன்றியது. இங்கேதான் பிரேக்கியோரேடியாலிஸ் என்ற தசையைத் தனியே பார்க்க வேண்டியிருந்தது. மேற்கை எலும்பின் கீழ்ப்பகுதியில் வெளிவிளிம்பில் தொடங்கி, முன்கையின் கட்டைவிரல் பக்கமாக இறங்கி, மணிக்கட்டுக்கு அருகே ஆர எலும்பில் முடிகிறது. வேலை முழங்கையை மடக்குவது. ஆனால் நரம்பு ரேடியல் நரம்பு. முழங்கை மடக்கும் மற்ற பெரிய தசைகளான பைசெப்ஸும் பிரேக்கியாலிஸும் வேறொரு நரம்பின் கீழ் நன்றாக இயங்கிக்கொண்டிருந்ததால், இது விடுப்பில் போனது வெளியே தெரியவில்லை. கட்டைவிரல் மேலே பார்க்க முன்கையை நடுநிலையில் வைத்து, முழங்கையை 90 பாகையில் மடக்கி, மணிக்கட்டுக்கு மேலே நான் கீழ்நோக்கி அழுத்த அவர் எதிர்த்தார். இடக்கையில் அந்தத் தசை கயிறு போல விடைத்து எழுந்தது. வலக்கையில் அந்த இடம் தட்டையாகவே கிடந்தது, தொட்டாலும் மெத்தென்று இருந்தது.

முழங்கையை நீட்டும் ட்ரைசெப்ஸ் தசை முழு வலுவோடு இருந்தது. முழங்கையை நீட்டுவதைப் புவியீர்ப்பே செய்துவிடும் என்பதால், கையைத் தலைக்கு மேலே உயர்த்தி அங்கிருந்து நீட்டச் சொல்லிச் சோதித்தோம். சந்தேகமே இல்லாத 5.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இடம் அகப்பட்டுவிடும். ரேடியல் நரம்பு அக்குளிலிருந்து புறப்பட்டு, மேற்கை எலும்பின் பின்பக்கத்தில் சுருள் பள்ளம் எனப்படும் சரிவில் எலும்போடு ஒட்டிச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் வருகிறது. ட்ரைசெப்ஸுக்கான கிளைகளில் பெரும்பாலானவை அந்தப் பள்ளத்துக்கு முன்பே பிரிந்துவிடுகின்றன. பிரேக்கியோரேடியாலிஸுக்கான கிளை பள்ளத்தைத் தாண்டிய பிறகு, முழங்கைக்குச் சற்று மேலே பிரிகிறது. முன்னது நன்றாக இருந்து பின்னது போயிருந்தால், அடிபட்ட இடம் இரண்டுக்கும் நடுவில். நாற்காலிச் சாய்மானத்தின் விளிம்பு அழுத்தியிருந்த இடமும் அதுவே.

மற்ற சாத்தியங்களை ஒதுக்குவதற்கும் இதே தசைகள் உதவின. கழுத்தில் ஏழாம் நரம்பு வேர் நசுங்கியிருந்தால் ட்ரைசெப்ஸும் முன்கையைக் கவிழ்க்கும் தசையும் தளர்ந்திருக்கும், பிரேக்கியோரேடியாலிஸ் தப்பித்திருக்கும். இங்கே நேரெதிர். நரம்பு முழங்கைக்குக் கீழே ஆழ்கிளையில் சிக்கியிருந்தால் பிரேக்கியோரேடியாலிஸும் நீளமான மணிக்கட்டு நீட்டு தசையும் வேலை செய்யும். மணிக்கட்டு எழும், ஆனால் கட்டைவிரல் பக்கம் சாய்ந்து எழும். தோலில் உணர்வு குறையாது. இவருக்கோ கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கையின் பின்பக்கத் தோல் மரத்திருந்தது.

பக்கவாதம்? மூளையில் கைக்கான பகுதி மட்டும் அடிபட்டு மணிக்கட்டு தொங்குவது உண்டு. அப்படிப்பட்டவர் மணிக்கட்டைத் தனியாகத் தூக்க முடியாவிட்டாலும், முஷ்டி பிடிக்கும்போது மணிக்கட்டு தானாகச் சற்று நிமிர்வதைப் பார்க்கலாம். தசையும் நரம்பும் உயிரோடு இருப்பதால் கூட்டியக்கம் மிச்சமிருக்கும். இவர் முஷ்டி பிடிக்கும்போது மணிக்கட்டு மேலும் தொங்கியது.

ஈயம் பற்றிய கேள்வி

பேட்டரி வேலை என்றதும் ஈயம் நினைவுக்கு வராமல் போகாது. ஈய நச்சு நெடுநாளில் மணிக்கட்டைத் தொங்கவைக்கும் என்பது தொழில்சார் மருத்துவத்தில் பழைய பாடம். ஆனால் அது மெதுவாக வரும், பெரும்பாலும் இரு கைகளிலும் தெரியும், பிரேக்கியோரேடியாலிஸைப் பொதுவாக விட்டுவைக்கும். ஓர் இரவில் வந்த இந்தத் தளர்ச்சிக்கு அது பொருந்தவில்லை. இருந்தாலும் நரம்பியல் மருத்துவர் இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொன்னார். தொழிலுக்காகவே ஒருமுறை பார்க்க வேண்டியதுதான் என்பது அவர் வாதம். அளவு கவலைப்படும்படி இல்லை.

எடுத்த முடிவுகள்

நரம்பியல் மருத்துவரும் நாங்களும் சேர்ந்து, சுருள் பள்ளத்தில் அழுத்தத்தால் ஏற்பட்ட ரேடியல் நரம்புச் செயலிழப்பு என்று முடிவு செய்தோம். எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்று அவர் தீர்மானித்தார். எடுத்திருந்தாலும் தவறென்று சொல்ல மாட்டேன்; தசைகளின் வரிசை இத்தனை தெளிவாக இருந்ததால் அதற்கான தேவை குறைந்தது.

நரம்பை மின்சாரத்தால் தூண்டி, செய்தி எவ்வளவு போய்ச் சேருகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனையை மூன்று வாரம் தள்ளிப்போட்டோம். நோயாளிக்கு இது ஏமாற்றம், "இன்னைக்கே பார்த்துடலாமே" என்றார். துண்டிக்கப்பட்ட நரம்பிழைகூட, அடிபட்ட இடத்துக்குக் கீழே சில நாள்கள் மின்சாரத்தைக் கடத்திக்கொண்டுதான் இருக்கும். முதல் வாரத்தில் சோதித்தால் லேசான காயமும் மோசமான காயமும் ஒன்றுபோலத் தெரியலாம். தசைக்குள் ஊசி செலுத்தி அதன் மின்செயல்பாட்டைப் பார்க்கும் இ.எம்.ஜி. சோதனையில் நரம்பிழந்த தசையின் அறிகுறிகள் தெரியவும் இரண்டு மூன்று வாரம் ஆகும். அவசரப்பட்டுச் செய்தால் செலவுதான் மிச்சம்.

மென்பந்தை நிறுத்தினோம். வலுவோடு இருக்கும் தசைக்குப் பயிற்சி கொடுத்து, செயலிழந்த தசையை மேலும் மேலும் இழுபட விடுவதில் பயனில்லை. அதற்குப் பதில் மணிக்கட்டை 30 பாகை நிமிர்த்திப் பிடிக்கும் ஸ்பிளிண்ட். ஒரு கருவியால் மூன்று காரியம் நடக்கும்: பிடி திரும்பும், நீட்டு தசைகள் நீண்டு தளராது, மடக்கு தசைகள் குறுகிப் போகாது. விரல்களைத் தூக்கிப் பிடிக்கும் ரப்பர் பட்டைகள் கொண்ட வகையும் இருக்கிறது. வேலைக்கு நடுவே அது எங்கெங்கோ மாட்டும் என்பதால் இவருக்கு எளிய வகையே போதும் என்று நினைத்தோம்.

இதனுடன் மறுகையால் விரல் அடிமூட்டுகளை முழுதாக மடக்கி நீட்டுவது, கட்டைவிரலை விரித்துப் பிடிப்பது எனத் தினசரிப் பயிற்சிகள். நரம்பு திரும்பும் நாளில் மூட்டு இறுகிப்போயிருந்தால் திரும்பி என்ன பயன்? மின்தூண்டல் சிகிச்சையை அவர் கேட்டார். இந்த வகைக் காயத்தில் அது குணமாவதை வேகப்படுத்தும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று சொல்லி விட்டுவிட்டோம். மூன்று நான்கு மாதத்தில் அசைவே வராவிட்டால் அறுவை மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் முதல் நாளே சொன்னோம்.

பின்னர் நடந்தது

இரண்டாம் வாரத்தில் அவர் ஸ்பிளிண்ட் இல்லாமல் வந்தார். உள்ளங்கையில் குறுக்கே போகும் பட்டை ஸ்பேனரைப் பிடிக்க விடவில்லை, எண்ணெய் பட்டு வழுக்கியது. அவர் சொன்னது நியாயம். தாங்கலைக் கையின் பின்பக்கமாக அமைத்து, உள்ளங்கையில் மெல்லிய வார் மட்டும் வரும்படி புதிதாகச் செய்து கொடுத்தோம். அதன்பின் அதைக் கழற்றச் சொல்லி நாங்கள்தான் அவரைக் கெஞ்ச வேண்டியிருந்தது.

மூன்றாம் வாரம் ஒரு நல்ல செய்தியோடு வந்தார்: கட்டைவிரல் நீள்கிறது. பார்த்தோம், நுனி மூட்டு உண்மையாகவே நேரானது. ஆனால் உள்ளங்கையை மேசைமேல் தட்டையாக வைத்து, கட்டைவிரலை மட்டும் மேசையை விட்டு மேலே தூக்கச் சொன்னால் அசையவில்லை. கட்டைவிரலின் அடிமேட்டில் உள்ள சிறு தசைகளின் நார்கள் சில, விரலின் பின்பக்க நாணோடு கலக்கின்றன. அவற்றை இழுத்தால் நுனி நேராகும். அவற்றுக்கு நரம்பு வேறு. மேசையிலிருந்து கட்டைவிரலைத் தூக்குவது மட்டும் நீளமான கட்டைவிரல் நீட்டு தசையின் சொந்த வேலை, அதை வேறு யாரும் செய்ய முடியாது. இதை அவரிடம் விளக்கியபோது முகம் வாடியது. அதே வருகையில் பிரேக்கியோரேடியாலிஸைத் தொட்டுப் பார்த்தபோது, விரலுக்கடியில் மெலிதாக ஒரு துடிப்பு இருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை; கண்ணுக்குத் தெரியும் அசைவு அதில் இல்லை. அந்த நாளின் உண்மையான நல்ல செய்தி அதுதான்.

நான்காம் வாரத் தொடக்கத்தில் நரம்புக் கடத்தல் சோதனை நடந்தது. சுருள் பள்ளத்துக்குக் கீழே தூண்டினால் தசை நன்றாகப் பதில் தந்தது. மேலே தூண்டினால் பதில் வெகுவாகச் சிறுத்தது. நரம்பு உயிரோடிருக்கிறது, அந்த ஓரிடத்தில் செய்தி தடைபடுகிறது என்று பொருள். தோல் மரத்திருந்தும் அந்தத் தோலின் உணர்வு நரம்பைச் சோதித்தபோது பதில் இயல்பாக வந்தது. அடைப்பு வெகு மேலே இருக்க, கீழே உள்ள இழை சிதையாமல் இருந்தால் இப்படித்தான் வரும். பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் செடன் நரம்புக் காயங்களுக்கு 1943இல் தந்த வகைப்பாட்டில் இது நியூரப்ராக்சியா, அதாவது நரம்பின் மயலின் உறை மட்டும் சேதமாகி உள்ளிழை தப்பித்த நிலை. மூன்று வகைகளில் இதுதான் லேசானது.

நான்காம் வார முடிவில் புவியீர்ப்பு படாத நிலையில் மணிக்கட்டு அசைந்தது. சோதனை முடிவை இந்த வேகமே உறுதிப்படுத்தியது. அறுபட்ட நரம்பிழை வளர்ந்துதான் திரும்ப வேண்டும் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். அழுந்திய இடத்திலிருந்து மணிக்கட்டு நீட்டு தசை வரை 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். நான்கு வாரத்தில் அசைவு வந்தால் அது வளர்ச்சி அல்ல, உறை சீராகி அடைப்பு திறந்தது.

முதலில் எழுந்த மணிக்கட்டு கட்டைவிரல் பக்கம் சாய்ந்தே எழுந்தது, சுண்டுவிரல் பக்கத் தசை பின்னால்தான் வந்தது. ஆறாம் வாரம் புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்கினார். அப்போதிலிருந்து ஸ்பிளிண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றினோம், கனமான வேலைக்கு மட்டும் போட்டுக்கொண்டார். ஏழாம் வாரம் விரல்கள். கட்டைவிரல் மேசையை விட்டு எழுந்தது ஒன்பதாம் வாரம். பன்னிரண்டாம் வாரம் வலது பிடி 35 கிலோ, இடது 36. வலக்கைக்காரருக்கு வலது பிடி கொஞ்சம் கூடுதலாக இருப்பதுதான் வழக்கம் என்பதால் இன்னும் சற்று பாக்கி இருந்தது என்றே சொல்ல வேண்டும். தோலில் அவ்வப்போது லேசான குறுகுறுப்பு மிச்சம். முழு வேலைக்குத் திரும்பிவிட்டார்.

இனி மாற்றிச் செய்வது

எங்கள் பிரிவின் மதிப்பீட்டுப் படிவத்தில் பிடி வலுவுக்கு ஒரு கட்டம் மட்டும் இருந்தது. இப்போது இரண்டு: மணிக்கட்டு இருக்கிறபடி ஓர் அளவு, நிமிர்த்திப் பிடித்து ஓர் அளவு. இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் பின்பக்கத் தசைகளைப் பார்க்கச் சொல்லி அவசரப் பிரிவுக்கும் ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறோம். விரல் அகட்டலை உள்ளங்கை மேசைமேல் தட்டையாக இருக்கும்போது மட்டுமே சோதிப்பது என்றும் பேசி வைத்திருக்கிறோம்.

மணிக்கட்டு தொங்கும் எவருக்கும் பந்து கொடுப்பதில்லை. ஸ்பிளிண்ட் அளவெடுக்கும் முன் வேலைக்குப் பயன்படுத்தும் கருவி ஒன்றைக் கொண்டுவரச் சொல்கிறோம். அதைப் பிடிக்கச் சொல்லித்தான் வடிவத்தை முடிவு செய்கிறோம். கட்டைவிரல் மீட்சியைப் பதியும்போது மேசையை விட்டு எழுந்ததா என்பது மட்டும் கணக்கு.

கேள்வி கேட்கும் வரிசையும் மாறியிருக்கிறது. இவரிடம் மது பற்றி வெவ்வேறு இடங்களில் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், எப்படித் தூங்கினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. போதையோ, மாத்திரையோ, அசதியோ, கையை நகர்த்தாமல் ஆழ்ந்து தூங்க வைத்தது எதுவானாலும் நரம்புக்கு ஒன்றுதான். இப்போது தூங்கிய நிலையை நடித்துக் காட்டச் சொல்வதுதான் எங்கள் முதல் கேள்வி.